அரண்மனையை விட்டு பாகாயம் பஸ் ஏறுங்கள்: உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் மேல்நிலைப் பள்ளிகளில் உயிரியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. எனக்கு இன்னும் வட ஆற்காடு என்றுதான் வாயில் வருகிறது. உங்களையும் அதே மாதிரி ஒரே கூட்டமாக நினைத்துத்தான் எழுதுகிறேன். நான் கணக்கு வாத்தியார். சாக்பீஸைக் கீழே வைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. எனக்குப் பிறவியிலேயே ஹீமோஃபிலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய். வாத்தியார், நோயாளி இரண்டு பேரும் சேர்ந்து எழுதும் மடல் இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலையில் இருந்த கடைசி வருடம் அது. ப்ளஸ் டூ வகுப்புக்குப் பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நடுவில் பாதிச் சுவர்தான்; அங்கே பேசுவது இங்கே கேட்கும். மரபியல் பாடம். நடத்திய டீச்சர் நல்ல டீச்சர், குறை சொல்ல மாட்டேன். விக்டோரியா மகாராணியில் ஆரம்பித்து மகன், பேத்தி, ரஷ்ய இளவரசன் வரைக்கும் பலகையில் வம்சாவளி போட்டார். "இது ராஜ குடும்பத்து வியாதி. ரொம்ப அபூர்வம். இதுக்கு மருந்து கிடையாது. கட்டம் போட்டு எழுதினாதான் முழு மார்க்." அவ்வளவுதான், அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு பையன் என் மேஜை முன்னால் வந்து நின்றான். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. "சார், இதுக்கு மருந்து கிடையாதாமே?"

அவன் முந்தின திங்கட்கிழமைதான் அரசு மருத்துவமனையில் ஃபேக்டர், அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் மருந்து, ஏற்றிக்கொண்டு வந்தவன். புறங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடம் அழுக்கு ஏறிச் சதுரமாகத் தெரிந்தது. மருந்தை உடம்பில் வைத்துக்கொண்டே 'மருந்து கிடையாது' என்று நோட்டில் எழுதியிருக்கிறான். டீச்சர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்!

அன்றைக்கு அவனுக்கு என்ன சொன்னேன் என்பது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. ஏதோ சமாளித்திருப்பேன். சொல்லியிருக்க வேண்டியதை இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் என் முட்டியைப் பற்றி. 1976, ஏழாம் வகுப்பு. வீட்டுப்பாடம் எழுதவில்லை. வாத்தியார் வெளியே முட்டி போடச் சொன்னார். வராந்தாவுக்குக் கீழே சரளைக்கல். ஒரு பீரியடு முழுக்க. எழுந்து ஓடிப்போய்த் தண்ணீர் குடித்தேன், சாயங்காலம் வீட்டுக்கும் நடந்தே போனேன். ராத்திரிதான் ஆரம்பித்தது. முதலில் உள்ளே ஒரு கதகதப்பு, பிறகு இறுக்கம், பிறகு வலி. விடிகிறபோது முட்டி உரித்த தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. அம்மா புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போட்டாள். அதற்கும் அடங்காமல், எலும்புக் கட்டு போடுகிற பெரியவர் ஒருவர் எண்ணெய் விட்டு நீவிவிட்டார். ரத்தம் உள்ளே கசிந்துகொண்டிருக்கிற மூட்டை நீவினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

அம்மாவின் தம்பிகள் இரண்டு பேர் சின்ன வயதிலேயே போய்விட்டவர்கள். ஒருவர் பல் விழுந்து, ஒருவர் மரத்திலிருந்து விழுந்து. குலதெய்வக் குற்றம் என்று எங்கள் வீட்டில் வருடா வருடம் கிடா வெட்டிக்கொண்டிருந்தோம். வேலூருக்குத் தூக்கிக்கொண்டு வந்த பிறகுதான் அதற்கு ஒரு பெயர் இருப்பதே தெரிந்தது. ரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களில் எட்டாவது ஃபேக்டர் எனக்குக் குறைவு. நல்ல ஆளுக்கு நூறு என்றால் எனக்கு இரண்டு. ஒன்றுக்கும் கீழே இருப்பவர்களுக்கு அடியே பட வேண்டாம், தானாகவே மூட்டில் கசியும். அந்த வகையில் நான் கொடுத்து வைத்தவன். முட்டி மட்டும் அன்றோடு சரி, இன்றுவரை பாதிதான் மடங்குகிறது.

முட்டி போட வைத்த வாத்தியார் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்றைக்குத் தெரியும். இன்னும் தெரியாதது மாதிரி பாடம் நடத்துகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, மகாராணி கதைக்கு வருகிறேன். கதையில் தப்பில்லை. ஆனால் கொல்லப்பட்ட ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்ததில், அவர்களுக்கு இருந்தது ஒன்பதாவது ஃபேக்டர் குறையும் 'பி' வகை என்று 2009-இல் தெரிந்துவிட்டது. உலகத்தில் அதிகம் இருப்பது எட்டாவது குறையும் 'ஏ' வகை. இன்னொன்று, ஹீமோஃபிலியாவோடு பிறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்னால் யாருக்கும் இருந்திருக்காது. மரபணுவில் புதிதாக நேர்ந்த பிழை. அந்த வீட்டில் போய் வம்சாவளி வரைந்தால் ஒரே ஒரு கறுப்புக் கட்டம்தான் வரும். "உங்க பரம்பரையில யாருக்கு?" என்று தாயைக் குடைந்து எடுக்கிறவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். பையன்கள் ப்ளஸ் டூவில் கேட்டுக்கொண்டு போனால் வீட்டில் சொல்வார்கள்.

நம் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவதும் அத்தை மகனைக் கட்டுவதும் சகஜம். அதனால்தான் ஹீமோஃபிலியா வருகிறது என்று வகுப்பில் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். தப்பு. அது எக்ஸ் குரோமோசோமில் ஏறி வருவது. தாய் கடத்தினால் போதும், தகப்பன் எந்த ஊராக இருந்தாலும் சரி. ஆனால் சொந்தத்தில் கட்டுவதால் கூடுகிற ரத்தக் கசிவு நோய்கள் வேறு இருக்கின்றன. பதின்மூன்றாவது ஃபேக்டர் குறைவு அதில் ஒன்று. பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி காய்ந்து விழும் சமயத்தில் தொப்புளில் ரத்தம் நிற்காமல் வரும். பச்சைக் குழந்தையின் தொப்புளில் அப்படிக் கசிந்தால் விபூதி வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதை நம் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லாமல் யார் சொல்வார்கள்? கிளான்ஸ்மன் என்று ஒரு நோய், தட்டணுக்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்தும் ஒன்றோடொன்று ஒட்டாது. அதுவும் இப்படித்தான், அப்பா அம்மா இரண்டு பேரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் வருவது. மெண்டல் விதிக்குப் பட்டாணிச் செடியே போதும் என்று நினைக்காதீர்கள். நம் கல்யாணப் பத்திரிகைகளே போதும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அந்த வம்சாவளியைப் பலகையில் போட்டு முடித்ததும், லண்டனை விட்டுவிட்டு காட்பாடியில் பாகாயம் டவுன் பஸ் ஏறுங்கள் என்கிறேன். அந்த பஸ் கடைசியாகப் போய் நிற்கிற இடத்தில் சிஎம்சி மருத்துவக் கல்லூரி வளாகம் இருக்கிறது. அதற்குள் 2005-இல் ஆரம்பித்த ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை பணம் கொடுக்க, சிஎம்சி இடமும் ஆட்களும் கொடுத்து நடப்பது. நம் மாணவர்களில் பாதிப் பேர் அந்த பஸ்ஸில் போயிருப்பார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது.

அந்த மையத்தை நடத்திய ரத்தவியல் மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவா. எனக்கு அவர் உறவும் இல்லை, பழக்கமும் இல்லை. ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்ட, நம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிற உதாரணம் அவருடைய வேலைதான். நாம் பாடத்தில் காட்டுகிற விஞ்ஞானி என்றால் ஒரு புகைப்படம், பிறந்த வருடம், இறந்த வருடம், ஒரு கண்டுபிடிப்பு. தலையில் ஆப்பிள் விழுந்தது, முடிந்தது கதை. இது வேறு மாதிரி.

அவருக்கு முன்னாலேயே கதை ஆரம்பித்துவிட்டது. 1986-இல் மாமன் சாண்டி என்ற மருத்துவர் வேலூரில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கினார். இந்தியாவில் அதற்கு மூன்று வருடம் முன்னால் மும்பை டாடா மருத்துவமனையில்தான் முதல் முறையாகச் செய்திருந்தார்கள். தலசீமியா என்பது பிறவியிலேயே ரத்தம் சரியாக ஊறாத நோய்; அந்தக் குழந்தைகள் மாதம் தவறாமல் ரத்தம் ஏற்றிக்கொண்டே வளர வேண்டும். ஏற்றுகிற ரத்தத்தோடு இரும்பும் சேர்ந்து இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். மஜ்ஜை மாற்றினால் அதிலிருந்து விடுதலை. இன்றைக்குத் தோட்டப்பாளையம், காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் போர்டெல்லாம் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்காக வங்காள மொழியில் எழுதியிருக்கிறதே, மீன் குழம்பு வாசம் வருகிறதே, அதற்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது. நம் ஊர்ப் பையன் அந்தப் போர்டைப் பார்த்து 'இந்திக்காரங்க ஓட்டல்' என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

அலோக் ஸ்ரீவஸ்தவாவின் பெயரில் நான் தேடிப் படித்த பழைய கட்டுரை 1998-இல் வந்தது. ஹீமோஃபிலியாக்காரருக்கு அறுவை சிகிச்சை செய்தால், பணக்கார நாடுகளில் ஃபேக்டரை வாரி இறைப்பார்கள். நம்மிடம் அவ்வளவு மருந்தும் இல்லை, காசும் இல்லை. குறைந்த அளவை விட்டுவிட்டுக் கொடுத்தே ரத்தத்தை நிறுத்த முடியுமா? முடிந்தது என்று அந்தக் கட்டுரை காட்டியது. படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அரைப்படி அரிசியில் ஏழு பேருக்குச் சோறு போட்ட கணக்கு அது. இதைக் கண்டுபிடிப்பு என்று யாரும் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்தக் கணக்குத் தெரியாததால் எத்தனை பேருக்கு அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்!

அப்புறம், உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்பு சிகிச்சை வழிகாட்டி ஒன்று வெளியிடுகிறது. எந்த நாட்டு மருத்துவரும் அதைப் புரட்டிப் பார்த்துத்தான் மருந்து எழுதுவார். அதன் 2012 பதிப்பிலும் 2020 பதிப்பிலும் ஆசிரியர் பட்டியலில் முதல் பெயர் அலோக் ஸ்ரீவஸ்தவாவுடையது. ரத்தம் கசிந்த பிறகு ஊசி தேடி ஓடாமல், கசியாமல் இருக்கவே முறையாக மருந்து கொடுப்பதுதான் சரியான சிகிச்சை என்று 2020 பதிப்பு அழுத்திச் சொல்கிறது. எனக்கு அது முட்டி போன பிறகு வந்த ஞானம். அந்தப் பையனுக்குச் சரியான நேரத்தில் வந்திருக்கிறது.

ஃபேக்டர் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு குட்டிக் கண்ணாடிக் குப்பியின் அடியில் வெள்ளையாக, காய்ந்த தயிர் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் கலக்கக் கூடாது. உள்ளங்கையில் வைத்து வெதுவெதுப்பாகும் வரை காத்திருக்க வேண்டும். தண்ணீரைச் செலுத்திவிட்டுக் குலுக்கவும் கூடாது, நுரைத்துவிடும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, திரி திரிப்பது போல மெதுவாக உருட்ட வேண்டும். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். பிறகு வண்ணத்துப்பூச்சி ஊசியில் நரம்பைத் தேடி மெல்ல ஏற்ற வேண்டும். எட்டாவது ஃபேக்டர் ஏற்றியதில் பாதி, அரை நாளிலேயே உடம்பிலிருந்து கரைந்து போய்விடும். அதனால் வாரத்தில் இரண்டு மூன்று தடவை. ஆயுசு முழுக்க. கணக்கு வாத்தியார் புத்தி, எத்தனை ஊசி என்று பெருக்கிப் பார்த்துவிட்டு பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இந்த ஊசியே இல்லாமல் செய்ய முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு விடை தேடித்தான் அவர்கள் ஸ்டெம் செல்லுக்குப் போனார்கள்.

ஸ்டெம் செல் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஓர் உவமை இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். விதைநெல். நம் பெரியவர்கள் அறுவடையில் ஒரு பங்கைக் குதிரில் விதைக்கென்று எடுத்து வைப்பார்கள், மிச்சத்தைத்தான் சாப்பிடுவார்கள். மஜ்ஜையில் இருக்கும் ரத்த ஸ்டெம் செல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு பக்கம் தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கி விதையைக் காப்பாற்றும். இன்னொரு பக்கம் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என்று விளைச்சல் கொடுக்கும். சிவப்பணு மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி. அத்தனைக்கும் ஊற்று, கொஞ்சமே கொஞ்சம் விதை. இந்த விதை உண்மையிலேயே இருக்கிறது என்று கனடாவில் டில், மெக்கல்லக் என்ற இருவர் 1961-இல் சோதனையில் காட்டினார்கள். எலியின் மண்ணீரலில் முளைத்த சின்னச் சின்ன முடிச்சுகளை எண்ணித்தான்.

விதையைத் திருத்திவிட்டால் விளைகிற ஒவ்வொரு நெல்லும் திருந்தி வருமே? அதுதான் வேலூரில் செய்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்து அவருடைய ஸ்டெம் செல்களையே பிரித்து எடுத்தார்கள். எட்டாவது ஃபேக்டரை உண்டாக்கும் மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றி அந்த செல்களுக்குள் அனுப்பினார்கள். அந்த வைரஸ் எச்ஐவி குடும்பத்தைச் சேர்ந்தது. பல் பிடுங்கிய பாம்பு. நோய் கொடுக்காது, உள்ளே நுழைகிற வித்தை மட்டும் மிச்சம். செல்லின் மரபுத் தொகுப்பிலேயே போய் உட்கார்ந்துவிடும். அந்த மரபணுவையும் வாகனத்தையும் உருவாக்கியதில் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாரின் கை இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம், நல்ல மாணவன் கேட்பான். எட்டாவது ஃபேக்டர் சாதாரணமாக ரத்த செல்லில் உண்டாவதில்லையே, ஈரலில்தானே? ஆமாம். வெளிநாட்டில் மற்றவர்கள் ஈரலுக்குத்தான் மரபணுவை அனுப்பினார்கள். அப்படி ஒரு மருந்து 2022-இல் ஐரோப்பாவில் அனுமதியும் பெற்றுவிட்டது. ஆனால் அதில் போகும் மரபணு பெரும்பாலும் செல்லின் தொகுப்போடு சேராமல் தனியாக நிற்பதால் வருடம் போகப் போக வேகம் குறைகிறது. அதைச் சுமந்து போகும் வைரஸுக்கு ஏற்கனவே உடம்பில் எதிர்ப்பு இருப்பவர்களுக்கு அது ஆகாது. வேலூரில் விதைநெல்லில் கை வைத்ததற்கு அதுதான் காரணம். திருத்தின ஸ்டெம் செல்லிலிருந்து பிறக்கும் சில வெள்ளையணுக்கள், தங்கள் வேலை அல்லாத அந்த ஃபேக்டரையும் சேர்த்து உண்டாக்கும்படி செய்திருந்தார்கள். உழவனுக்கு நெசவும் கற்றுக்கொடுத்த மாதிரி.

ஐந்து பேர். 22 வயதிலிருந்து 41 வயது வரை, ஐந்து பேருமே கடுமையான 'ஏ' வகை. 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் முடிவு வந்தது. செல்கள் திரும்ப ஏற்றப்பட்டு மஜ்ஜையில் பிடித்த பிறகு ஐந்து பேருக்கும் ஒரு ரத்தக் கசிவு கூட இல்லை. ஐந்து பேரையும் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதம். ஃபேக்டர் ஊசியும் தேவைப்படவில்லை.

நான் அந்தச் செய்தியை நாளிதழில் பார்த்தபோது டீக்கடையில் இருந்தேன். 'ஒரு ரத்தக் கசிவு கூட இல்லை' என்ற வரியை மூன்று தடவை படித்தேன். டீ ஆறிவிட்டது.

ஆனால் வகுப்பில் இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். முதல் இரண்டு பேருக்கு ஃபேக்டர் அளவு கொஞ்சமாகத்தான் ஏறியது. அதைப் பார்த்து முறையை மாற்றினார்கள். வைரஸ் செல்லுக்குள் நன்றாக நுழைய உதவும் ஒரு பொருளைச் சேர்த்தார்கள். அடுத்த மூன்று பேருக்கு நன்றாக ஏறியது. நான் கணக்கில் முதல் வரி தப்பானால் முழுசும் அடித்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்வேன். இங்கே முதல் வரியையும் அடிக்காமல் அப்படியே வெளியிட்டிருக்கிறார்கள், எண்ணோடு. விஞ்ஞானம் என்று நாம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது இந்தப் பக்கத்தைத்தான்.

இன்னும் இருக்கிறது. புதிய நாற்று நடுவதற்கு முன் வயலில் இருப்பதைக் களைய வேண்டும். அதற்கு வீரியமான மருந்து கொடுத்துப் பழைய மஜ்ஜையைக் காலி செய்ய வேண்டும். அந்த நாட்களில் உடம்பில் எதிர்ப்புச் சக்தி தரைமட்டத்துக்கு வந்துவிடும். பிள்ளைப் பேறு வரைக்கும் யோசித்துச் சம்மதிக்க வேண்டிய விஷயம். பார்த்தது ஐந்து பேரை மட்டும்; நாளைக்கே போய் வரிசையில் நின்று வாங்குகிற சிகிச்சை இல்லை. அந்தப் பையன் என்னிடம் வந்து "சார், நான் போகலாமா?" என்று கேட்டால், "இப்போதைக்கு உன் ஊசியை விடாதே" என்றுதான் சொல்வேன். 1998 கட்டுரைக்கும் 2024 கட்டுரைக்கும் நடுவில் 26 வருடம். ஏழாம் வகுப்பில் முட்டி போட்டவன் ஓய்வு பெறும் வயதுக்கு வந்த பிறகுதான் இது வந்தது. ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று ஒரு பெண் உங்களிடம் சொன்னால் இந்தக் கணக்கையும் சொல்லுங்கள். பயந்து ஓட மாட்டாள், என்ன வேலை என்று தெரிந்து போவாள்.

வேலூரில் இந்த ஒரு கதைதான் என்றும் இல்லை. வெள்ளைப் பாஷாணம் நம் சித்த வைத்தியர்களுக்குத் தெரிந்த சரக்கு. வேதியியலில் ஆர்சனிக் டிரையாக்சைடு. ஒரு வகை ரத்தப் புற்றுநோயை அது அடக்கும் என்று சீனாவில் முதலில் கண்டார்கள். வேலூரில் விக்ரம் மாத்யூஸும் கூட்டாளிகளும் அதைத் தனி மருந்தாகவே 72 பேருக்குக் கொடுத்துப் பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள். 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. விஷத்தைப் பற்றி வேதியியல் வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. வேதியியல் ஆசிரியர்களுக்குத் தனியாக மடல் எழுதத் தெம்பில்லை, நீங்களே சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் ஏன் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்கிறேன் தெரியுமா? நாம் சொல்லாத இடத்தில் வேறு யாரோ சொல்லிவிடுகிறார்கள். குடியாத்தம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பையனுக்கு மூளை வளர்ச்சியில் பிரச்சினை. ஒரு பெரிய நகரத்தில் 'ஸ்டெம் செல் சிகிச்சை' என்று பளபளப்பான நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். ஆறு ஊசி, சில லட்சம். நிலத்தை அடமானம் வைக்கப் பேச்சு நடந்தபோது தற்செயலாக நான் போய்ச் சேர்ந்தேன். அந்த அப்பா என்னைக் கேட்டார்: "வேலூர்லயே ஸ்டெம் செல்லுன்னு பெரிய கட்டடம் இருக்குதே வாத்தியாரே, அப்ப இது நெஜம்தானே?"

பாருங்கள், நம் ஊர் விஞ்ஞானத்தின் பெயரே வலையில் இரையாக மாட்டியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவைதான் நிலைபெற்ற ஸ்டெம் செல் சிகிச்சை. மற்றவை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வில் சேருகிறவரிடம் காசு கேட்கக் கூடாது. ஆகவே பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கேள்வி கற்றுக்கொடுத்தால் போதும்: "இது ஆய்வா, சிகிச்சையா? ஆய்வு என்றால் எதற்குப் பணம்?" நான் அந்த அப்பாவிடம் இதைத்தான் கேட்கச் சொன்னேன். போனில் கேட்டார். எதிர்ப்பக்கம் லைன் கட்டாகிவிட்டது. நிலம் பிழைத்தது. பிரசவத்தின் போது தொப்புள்கொடி ரத்தத்தைக் காசு கட்டிச் சேமித்து வையுங்கள் என்று வருகிற விளம்பரத்தையும் இதே தராசில் வைத்துப் பாருங்கள். தன் பிள்ளைக்கே பின்னால் தேவைப்படும் என்று தனியாரிடம் பணம் கட்டிச் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அதே கழகம் சொல்லியிருக்கிறது.

கடைசியாகச் சில வேண்டுகோள், வாத்தியாருக்கு வாத்தியார் என்ற முறையில். உங்கள் வகுப்பில் அடிக்கடி லீவு போடும், விளையாட்டுப் பீரியடில் மரத்தடியில் உட்காரும், கால் தாங்கி நடக்கும் பையன் இருந்தால் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு வார்த்தை விசாரியுங்கள். முட்டி போட வைப்பது எவருக்குமே வேண்டாம், அதைச் சட்டமே சொல்கிறது. அடிபட்டால் ஐஸ் வையுங்கள், அழுத்திப் பிடியுங்கள், நீவாதீர்கள். சட்டைப்பையில் இருக்கிற ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுக்காதீர்கள், அது ரத்தத்தை இன்னும் உறையவிடாது. 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. முழங்கையில் கசிந்து பேனா பிடிக்க முடியாத பையன் சொல்வதை எழுதுகிற ஆள் கேட்டு விண்ணப்பிக்கலாம். அவன் வீட்டில் இது தெரியாது. தலைமையாசிரியருக்கும் பல இடங்களில் தெரியாது, நான் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 17 உலக ஹீமோஃபிலியா தினம். அதற்குள் ப்ளஸ் டூ பரீட்சை முடிந்து பையன்கள் மாமா வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள், ஆகவே அந்தத் தேதியால் நமக்குப் பிரயோஜனம் இல்லை. மரபியல் பாடம் வருகிற வாரத்தில் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். ஆம்பூரானாலும் ஆற்காடானாலும் வருகிறேன். காலி ஃபேக்டர் குப்பி நாலைந்து வைத்திருக்கிறேன், பிள்ளைகள் கையில் வாங்கி உருட்டிப் பார்க்கட்டும். மகாராணியின் வம்சாவளி பலகையில் இருந்தால் அழிக்க வேண்டாம், பக்கத்தில் எங்கள் வீட்டு வம்சாவளியை நானே போட்டுக்கொள்கிறேன். வகுப்பு மட்டும் மாடியில் வைத்துவிடாதீர்கள், படி ஏற முட்டி ஒத்துழைக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கணக்கு ஆசிரியர்,
வேலூர்